ரிமோட் விமானம்: முதலில் எதை வாங்குவது, எதை விற்பது?

பருப்பு விலை, ஜி.எஸ்.டி. படிவம், எடைக்கல் முத்திரை என்று எழுதி வரும் நமது இதழில் விமானத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டவுடன், பலசரக்கோடு ஃபேன்சி சாமானும் வைத்திருக்கும் நம் கடைகளுக்கு, "அண்ணாச்சி, நிஜமாவே பறக்குற பிளேன் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு பையன்கள் வருகிறார்கள். செல்போனில் படம் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். மடவார் வளாகத்தில் ஓர் உறுப்பினர் பேரனுக்கு வாங்க விவரம் கேட்டார். ராஜபாளையத்தில் இன்னொருவர் ஒரு பெட்டி வரவழைத்து விற்கலாமா என்று கேட்டார். இருவருக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம். விவரம் தெரியாமல் வாங்கினால் முதல் நாளே பணம் போகும். விவரம் தெரியாமல் இருப்பு வைத்தால் கடைக்கே தீ வரும். பின்னால் சொன்னதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அதற்கான இடத்தில் விளக்குகிறோம்.

வணிகனுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1910ஆம் ஆண்டில் சென்னையில் தமது சொந்தத் திட்டப்படி ஒரு விமானத்தைச் செய்வித்துப் பறக்கவிட்ட டி ஏஞ்செலிஸ் என்பவர் மவுண்ட் ரோட்டில் ஓட்டலும் பலகாரக் கடையும் நடத்தி வந்தவர். சிம்ப்சன் கம்பெனியின் வண்டிப் பட்டறையில் விமானத்தைக் கட்டி, பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார். பலகாரக் கடைக்காரருக்கு அந்தத் துணிச்சல் இருந்தபோது, பலசரக்குக் கடைக்காரர் ஒரு பொம்மை விமானத்துக்குத் தயங்க வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். மின்சாரத்தால் ஓடும் ரிமோட் விமானம் புதிதாக வந்ததல்ல. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 1957 ஜூன் 30ஆம் தேதியே 'ரேடியோ குயின்' என்ற மாதிரி விமானத்தை பேட்டரியில் பறக்கவிட்டார். ஆனால் அக்காலத்து பேட்டரி கனமானது, விலையும் அதிகம். அதனால் பல ஆண்டுகள் எண்ணெய் எஞ்சின் விமானங்களே ஆட்சி செய்தன. 2000க்குப் பிறகு லித்தியம் பாலிமர் பேட்டரியும், கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. எண்ணெய் நாற்றமோ இரைச்சலோ இல்லாமல், பள்ளிப் பையன் கூடப் பறக்கவிடும் அளவுக்கு விமானம் இறங்கி வந்தது. நடிகர் அஜித்குமாருக்கு இதில் உள்ள ஈடுபாடு ஊரறிந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழு அவரை ஆலோசகராகக் கொண்டு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வதும் பறக்கவிடுவதும் பயிற்சியிலேயே உண்டு. ஆகவே பையன் கேட்பது வெறும் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட வேண்டாம்.

கடையில் கிடைப்பவை

விமானம் என்ற பெயரில் சந்தையில் விற்பவற்றில், தோற்றத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாத இரண்டு ரகங்கள் உண்டு. ஒன்று, பெட்டியின் மேல் போர் விமானப் படம் போட்டு, உள்ளே லேசான நுரையில் செய்த, இரண்டு சிறு விசிறிகள் உள்ள பொம்மை. இதில் வால் பகுதியில் அசையும் பாகமே இருக்காது. இடப்பக்க விசிறி வேகமாகச் சுற்றினால் வலப்பக்கம் திரும்பும், வலப்பக்க விசிறி வேகமானால் இடப்பக்கம் திரும்பும். ஏறுவதற்கு இரண்டையும் வேகப்படுத்த வேண்டும், இறங்குவதற்கு இரண்டையும் குறைக்க வேண்டும். மூக்கைத் தூக்கு, இறக்கு என்று கட்டளையிட வழி கிடையாது. விலை குறைவு, ஏறத்தாழ இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் கிடைக்கும். காற்றில்லாத வேளையில் பத்து வயதுப் பிள்ளை பள்ளி மைதானத்தில் வைத்து மகிழலாம். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள மட்டும் இது உதவாது. நண்பர் ஒருவர் இதை ஆடி மாதத்தில் வாங்கித் தெருவில் பறக்கவிட்டார். அது தென்னந்தோப்புப் பக்கம் போயிற்று. மரம் ஏறியவருக்குக் கொடுத்த கூலியையும் சேர்த்தால் அடுத்த ரகத்தையே வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது, உண்மையான விமானத்தைப் போலவே இறக்கையிலும் வாலிலும் அசையும் தகடுகள் கொண்டது. இதில் எத்தனை 'சானல்' என்று கேட்க வேண்டும். மூன்று சானல் என்றால் மோட்டார் வேகம், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு, திசை திருப்பும் தகடு ஆகிய மூன்றும் தனித்தனியே நம் கைக்குள் இருக்கும். நான்கு சானல் என்றால் இறக்கையின் ஓரத்தில் உள்ள தகடுகளும் சேரும், விமானத்தைச் சாய்த்துத் திருப்பலாம். கற்றுக்கொள்பவருக்கு மூன்று போதும். நான்கு சானல் வாங்குவதானால் அதில் 'கைரோ' என்ற சமநிலைப்படுத்தும் கருவி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. விமானம் அளவுக்கு மேல் சாய்ந்தால் அதைத் தானே நிமிர்த்திவிடும். குச்சியிலிருந்து கையை எடுத்தால் விமானம் நேராகும் என்ற தைரியம் புதியவருக்குப் பெரிய பலம்.

பெட்டியின் படத்தில் மயங்காமல் விமானத்தின் உருவத்தைப் பாருங்கள். இறக்கை உடலின் மேற்புறத்தில் இருக்க வேண்டும். கனமெல்லாம் கீழே தொங்குவதால் தராசு முள் நடுவுக்கு வருவதுபோல விமானம் தானே நேராக வரப் பார்க்கும். முன்னாலிருந்து பார்த்தால் இரு இறக்கைகளும் நுனியில் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க இறக்கைக்கு அதிகத் தாங்குதல் கிடைத்து மீண்டும் நிமிரும். கீழிறக்கைப் போர் விமானமும், ஜெட் உருவமும், வாலில்லாத முக்கோணமும் பார்க்க அழகு. முதல் விமானமாக அவற்றை வாங்கித் தரும் தகப்பனார் பிள்ளைக்கு ஒரு நிமிட மகிழ்ச்சியையே வாங்கித் தருகிறார்.

விசிறி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூக்கில் இருந்தால் தரையில் மோதும்போது முதலில் உடைவது அதுதான். இறக்கைக்குப் பின்னால், மேலே தூக்கி வைத்திருக்கும் அமைப்பு புதியவருக்கு லாபம். விமானம் குப்புற விழுந்தாலும் மூக்கு நசுங்கும், விசிறியும் மோட்டாரும் பிழைக்கும். 'மல்டிபிளெக்ஸ் ஈஸிஸ்டார்', 'பிக்ஸ்லர்', 'ஏரோஸ்கவுட்' போன்ற பெயர்பெற்ற பயிற்சி விமானங்களெல்லாம் இந்த அமைப்பில் வந்தவையே. ஒன்று கவனம்: பின்னால் விசிறி உள்ள விமானத்தைக் கையால் வீசும்போது, அது கையைக் கடந்து போன பிறகே மோட்டாரை முழு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் விரல் போகும்.

என்ன பொருளால் செய்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். டி.வி. பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மகோல் என்றால் ஒரு மோதலில் துண்டு துண்டாகும். இ.பி.பி. என்ற நுரை அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழும், புதியவருக்கு இதுவே முதல் தரம். இ.பி.ஓ. என்பது சற்று விறைப்பானது. உடைந்தால் அதற்குரிய பசையால் ஒட்டி அரை மணியில் மறுபடியும் பறக்கவிடலாம். பால்சா மரத்தால் ஆன விமானத்தை அனுபவம் வந்த பிறகு வாங்கலாம்.

எடைக் கணக்கு

எடை பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் மட்டும் எடையைத் தனியாகப் பார்க்கக் கூடாது, இறக்கையின் பரப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, இறக்கை 50 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 450 சதுர சென்டிமீட்டர். விமானம் 65 கிராம் என்றால் நூறு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 கிராம் விழுகிறது. இன்னொன்று, இறக்கை 110 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம், எடை 760 கிராம். இதில் நூறு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம். இந்த எண் சிறியதாக இருந்தால் விமானம் மெதுவாகப் பறக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும், ஆனால் காற்று தூக்கிக்கொண்டு போகும். எண் பெரியதாக இருந்தால் காற்றைத் தாங்கும், ஆனால் வேகமாகப் போனால்தான் மேலே நிற்கும். விற்பவர் இந்த இரண்டு அளவையும் சொன்னால் பெட்டியின் பின்னால் பென்சிலால் கணக்குப் போட்டுவிடலாம்.

எடையில் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. முக்கால் கிலோ விமானம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர்மேல் மோதுவது, முக்கால் கிலோ சீனிப் பொட்டலம் இரண்டு மாடி உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். 65 கிராம் விமானம் 25 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சிறு சோப்புக் கட்டி ஒன்று பரணிலிருந்து விழுவது மாதிரி. ஆகவே வீட்டுப் பக்கத்துச் சிறு மைதானந்தான் இருக்கிறது என்பவர்கள் அரை மீட்டர் இறக்கையுள்ள சின்ன விமானத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 'வாலன்டெக்ஸ்', 'டபிள்யூ.எல். டாய்ஸ்' போன்ற கம்பெனிகளின் இந்த அளவு விமானங்கள் விமானம், ரிமோட், பேட்டரி, சார்ஜர் என்று எல்லாம் சேர்ந்த பெட்டியாக வரும். விலை ஏறத்தாழ ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை. ஒரு மீட்டருக்கு மேற்பட்டவை பதினைந்தாயிரத்தைத் தாண்டும்.

கைவேலை தெரிந்த பையன் என்றால் மூன்றாவது வழி ஒன்றுண்டு. விளம்பரப் பலகைக்குப் பயன்படும் லேசான நுரை அட்டையை வாங்கி, அளவு வரைபடத்தைப் பார்த்து வெட்டி, மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டு மூன்று சர்வோ, பேட்டரி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவது. ரிமோட்டோடு சேர்த்து எட்டாயிரம் பத்தாயிரத்துக்குள் முடியும். உடைந்தால் அட்டையின் விலைதான் நஷ்டம், மற்றவை அடுத்த விமானத்துக்கு வரும். இப்படிச் செய்பவர்கள் கனம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இரு விரல்களால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்துப் பின்னால் சாய்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளி வையுங்கள். வால் கனத்த விமானத்தைத் தேர்ந்தவராலேயே மேலே நிறுத்த முடியாது.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாக இருக்கட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைகளில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் விளையாடினால் ஒருவர் ரிமோட்டுக்கு இன்னொருவர் விமானம் கீழ்ப்படியும். 2.4 வகையில் விமானமும் ரிமோட்டும் தாலி கட்டிக்கொண்டது மாதிரி, வேறு ரிமோட்டின் பேச்சைக் கேட்காது.

பேட்டரி: கவனம் தேவை

நம்மைச் சுற்றி என்ன தொழில் நடக்கிறது என்று நாம் அறிவோம். பக்கத்தில் சிவகாசி, சாத்தூர். தீபாவளி நெருங்கினால் நம்மில் பலர் உரிமம் எடுத்துப் பட்டாசு விற்கிறோம். தீப்பெட்டிக் கட்டு இல்லாத பலசரக்குக் கடை கிடையாது. ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கம் பஞ்சும் மருத்துவத் துணியும் குவிந்த கிடங்குகள். இந்தச் சூழலில் லித்தியம் பாலிமர் பேட்டரி என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் தெரிந்திருக்க வேண்டும்.

டார்ச் லைட் பேட்டரி மாதிரி இதற்கு இரும்புக் கவசம் இல்லை. மெல்லிய வெள்ளித்தாள் பை, உள்ளே எரியக்கூடிய திரவம் ஊறிய அடுக்குகள், அவ்வளவுதான். ஆணி குத்தினாலோ, விமானம் மோதி நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, வீங்கி, புகைந்து, சில வினாடிகளில் தீ பீறிடும். மோதியவுடன் ஒன்றும் ஆகாமல் அரை மணி கழித்துப் பற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே விழுந்த விமானத்தின் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வெட்டவெளியில் வைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3.3க்குக் கீழே இறங்கவிடாமல் நிறுத்திவிட வேண்டும், 3க்குக் கீழே போனால் பேட்டரி கெட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். நாள்கணக்கில் சும்மா வைப்பதானால் முழுதாகவும் ஏற்றாமல், காலியாகவும் விடாமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பது வழக்கம். சார்ஜ் ஏற்றும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. 2200 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், 300 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 0.3 ஆம்பியர், அதாவது ஒரு மணி நேரத்தில் நிறையும் வேகம். அவசரத்துக்கு வேறு செல்போன் சார்ஜரின் ஒயரை வெட்டி இணைப்பவர்கள் உண்டு, அது வீட்டுத் தீக்கு வழி. மூன்று செல் பேட்டரி என்றால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்த்துச் சமப்படுத்தும் சார்ஜரே வேண்டும். சிமெண்டுத் தரையிலோ கடப்பைக்கல் மேலோ ஒரு மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். இரவு போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. மெத்தை, தீப்பெட்டி, பஞ்சு, மண்ணெண்ணெய், பட்டாசு இருக்கும் அறையிலோ, அதே கூரைக்குக் கீழுள்ள கடையிலோ வேண்டவே வேண்டாம்.

வீங்கிய பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தலையணை மாதிரி உப்பிவிட்டால் அதற்கு மேல் அது பேட்டரியே அல்ல. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. குப்பை வண்டி நசுக்கினால் அங்கே தீ. கார் பல்பு ஒன்றை இணைத்து முழுதாக வடியவிட்டு, மின்கழிவு வாங்குபவரிடம் சேர்க்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர்கள் வாங்கி வருவதானால் ஒரு தகவல். உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் அவர் வரை அனுமதி. 11.1 வோல்ட், 2200 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் 11.1ஐ 2.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 24 வாட் அவர் வரும், அது அளவுக்குள் அடங்கும். தபாலில், கூரியரில் விமானம் சீக்கிரம் வந்து பேட்டரி தாமதமாக வருவதற்கும் இதுவே காரணம். ஆபத்தான சரக்கு என்பதால் அதைப் பெரும்பாலும் தரைவழியாகவே அனுப்புகிறார்கள்.

நமது ஊரில் எங்கே, எப்போது

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலை இடுக்குகள் வழியாகவும் வைகாசி முதல் ஆவணி வரை நம் பக்கம் வீசும் மேல்காற்றில் பயிற்சி விமானத்தை வெளியே எடுப்பதே வீண். கார்த்திகை வரை மழை, கண்மாய்களில் தண்ணீர். ஆகவே தை முதல் சித்திரை வரை, சூரியன் உதித்து ஒரு மணி நேரம்தான் நமக்குப் பொற்காலம். வெயில் ஏறினால் தரைச்சூட்டில் காற்று சுழலத் தொடங்கும். வேப்பிலை அசையாமல் இருந்தால் பறக்கவிடலாம், கிளையே ஆடினால் வீட்டுக்குத் திரும்பலாம்.

இடம் என்றால் அறுவடை முடிந்த வயல், நீர் வற்றிய கண்மாயின் புல்தரை, பள்ளியின் பெரிய மைதானம். வயலுக்கு உரிமையாளரிடமும் மைதானத்துக்குத் தலைமை ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். சீமைக் கருவேல் மண்டிய இடத்தில் விமானம் விழுந்தால் முள்ளுக்குள் நுழைந்து எடுக்க முடியாது. மின்கம்பிப் பக்கம் போகவே கூடாது, கம்பியில் சிக்கியதைக் கழியால் தட்டி எடுக்க முயன்றால் உயிர் போகும். மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோவில் பக்கமும், ஆடிப்பூரத் தேர் போன்று கூட்டம் கூடும் இடங்களிலும் பறக்கவிடுவது கூடாது. மேற்கே மலையடிவாரம் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எதையும் பறக்கவிட முடியாது.

முதல் நாள் விமானத்தை எடுத்துக்கொண்டு நேரே களத்துக்கு ஓடாமல், கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ விமானப் பயிற்சி விளையாட்டைப் பத்து நாள் பழகுவது நல்லது. 'பிகாசிம்' போன்றவை செலவில்லாமலே கிடைக்கின்றன. ஏனென்றால் புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது குச்சி வலப்பக்கம். அதே விமானம் நம்மை நோக்கி வரும்போது வலது குச்சி போட்டால் நம் கண்ணுக்கு இடப்பக்கம் திரும்பும். சலூன் கண்ணாடியில் தலை சீவுவது மாதிரி. இது கைக்குப் பழகும் வரை மூளை சொல்வதைக் கை கேட்காது.

களத்தில் ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது விமானம் முதலில், ரிமோட் கடைசியில். வேகக் குச்சி அடியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேட்டரியைத் தொட வேண்டும். காற்று வரும் திசையை நோக்கி, மூக்கைத் தூக்காமல் சமமாக வீச வேண்டும். மூன்று ஆள் உயரத்தில் வித்தை காட்டுவதைவிட உயரத்தில் மெதுவாக வட்டமடிப்பது பத்திரம். உயரம் இருந்தால் பிழையைத் திருத்த நேரம் இருக்கிறது.

சட்டமும் வியாபாரமும்

மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் நான்கு விசிறி ட்ரோனுக்கு மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். இறக்கையுள்ள ரிமோட் விமானமும் அதில் அடங்கும். 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. நானோவுக்கும், வியாபார நோக்கமில்லாமல் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. பொழுதுபோக்கு, படிப்புக்கான மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழும் வேண்டியதில்லை. பதிவு எண் பற்றிய விதியை நம் விமானத்தின் எடையை வைத்து விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் வாங்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. வரைபடத்தில் பச்சை நிறமுள்ள பகுதியில் 400 அடி வரை பறக்கலாம். நம் ஆண்டாள் கோவில் ராஜகோபுரம் 192 அடி என்றால், அதைப்போல இரண்டு மடங்கு. பழகுபவருக்குக் கோபுரத்தில் பாதி உயரமே தாராளம். விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. மதுரை நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வான்வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் என்பதால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

விற்க நினைப்பவர்கள் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644 என்ற எண் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத சரக்கை விற்றால், செய்தவர் எங்கோ இருக்க, பிடிபடுவது கடைக்காரர்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் முதல் முறைக்கே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் தருகிறது. அடுத்து, 2022 பிப்ரவரி 9 முதல் ட்ரோன்களை முழுதாகவோ, கோர்க்காத தொகுப்பாகவோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை உள்ளது, உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே பில் இல்லாமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்று வருபவரிடம் எச்சரிக்கை. மொத்த வியாபாரியிடம் ஜி.எஸ்.டி. பில்லும், முத்திரை எண்ணும், பேட்டரிக்குரிய விவரமும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் அபிப்பிராயம், சிறு ஊரில் இதைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பது வேண்டாம். மாதிரிக்கு ஒன்று வைத்து, கேட்பவரிடம் முன்பணம் வாங்கி வரவழைத்துக் கொடுப்பது பத்திரம். முதலீடு முடங்காது, பேட்டரியும் கடையில் வயதாகிக் கிடக்காது. வாடிக்கையாளரிடம் விற்கும்போதே, பறக்கவிட்ட பின் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லில் எழுதிக் காட்டிவிடுங்கள். பெட்டியைத் திறந்து, மோட்டார் சுற்றுகிறதா, தகடுகள் அசைகின்றனவா என்று அவர் எதிரிலேயே காட்டுங்கள். விசிறியைக் கழற்றிவிட்டுக் காட்டுவது கண்ணுக்குப் பாதுகாப்பு. உண்மையான வியாபாரம் விமானத்தில் இல்லை, மிக்ஸிக்கு ஜார் மாதிரி, உதிரியில்தான் இருக்கிறது. விசிறி, பசை, சர்வோ, கூடுதல் பேட்டரி. ஒரு விமானம் வாங்கியவர் முதல் மாதத்தில் நான்கைந்து விசிறியாவது வாங்குவார். விமானம் வாங்கும்போதே விசிறி இரண்டும் பேட்டரி இரண்டும் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பேட்டரியில் எட்டு பத்து நிமிடம்தான் பறக்கும், ஒன்று மட்டும் இருந்தால் ஒரு மணி நேரம் சார்ஜுக்குக் காத்திருந்து பையன் சலித்துப் போவான்.

பேட்டரியைத் தீப்பெட்டி அலமாரிக்கு எதிர்ச் சுவரில், தகர டப்பாவுக்குள், வெயில் படாத இடத்தில் வையுங்கள். டப்பாவின் மூடியை இறுக்க வேண்டாம், புகை வெளியேற வழி இருக்க வேண்டும். ஐப்பசி மாதம் பட்டாசு இருப்பு வந்துவிட்டால், அது விற்றுத் தீரும் வரை பேட்டரி டப்பா கடையில் இருக்கக் கூடாது.